ஜாவா: வீட்டுச் சாதனங்களுக்காகப் பிறந்த மொழி

ஜாவா என்ற கணினி நிரல்மொழியின் இயல்புகளைப் பாடமாக ஒப்பித்த காலத்தில் அவை எனக்கு ஒட்டவில்லை. அதன் பிறப்பைப் படித்த பிறகே ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கியது. 1991இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங், மைக் ஷெரிடன், பேட்ரிக் நாட்டன் ஆகியோர் 'கிரீன்' திட்டத்தைத் தொடங்கியபோது அவர்கள் மனத்தில் இருந்தவை தொலைக்காட்சி போன்ற வீட்டுச் சாதனங்கள். அவற்றில் நிறுவனத்துக்கு நிறுவனம் சிப் (கட்டளைகளை இயக்கும் சில்லு) வேறுபடும். விலை குறைந்த சிப் கிடைத்தால் தயாரிப்பாளர் அதற்கு மாறிவிடுவார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலைத் திருத்தி மீண்டும் கம்பைல் செய்துகொண்டிருக்க, அதாவது அந்தச் சிப்புக்குரிய கட்டளைகளாக மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

சி++ மொழியை நீட்டித்துப் பார்த்த காஸ்லிங், அது போதாதென்று கண்டு புதிய மொழியை உருவாக்கி, தம் அலுவலகத்துக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரையே அதற்கு வைத்தார். அந்த வணிகப்பெயர் வேறொருவரிடம் இருந்ததால் பின்னர் 'ஜாவா' ஆனது. 1992இல் செய்துகாட்டிய 'ஸ்டார் செவன்' என்ற கையடக்கக் கருவி சந்தைக்கு வரவில்லை. ஆனால் பலவகைக் கணினிகள் ஒரே வலையில் இணையத் தொடங்கியபோது அதே சிக்கல் பெரிய அளவில் எழ, விடை தயாராக இருந்தது. 1995 மே 23 அன்று ஜாவா அறிவிக்கப்பட்டது.

அந்த விடையின் மையம் பைட்கோட். ஜாவா கம்பைலர் எந்தச் சிப்புக்கும் உரியதல்லாத இடைநிலைக் கட்டளைகளை உண்டாக்குகிறது. ஒவ்வொரு கணினியிலும் உள்ள மெய்நிகர் இயந்திரம் என்ற மென்பொருள் அவற்றை இயக்குகிறது. சி மொழியில் கணினிக்கேற்ப அளவு மாறக்கூடிய 'இன்ட்' என்ற முழு எண் வகை இங்கே எங்கும் 32 பிட்தான். நினைவக முகவரிகளைக் கூட்டிக் கழிக்கும் பாயிண்டர் கணக்கு கிடையாது. பயனற்றுப்போன நினைவகத்தை மெய்நிகர் இயந்திரமே மீட்டுக்கொள்கிறது. சி நிரல்களில் தவறான முகவரியைத் தேடி இரவுகளைக் கழித்த எனக்கு இது பெரும் விடுதலையாக இருந்தது. ஒரு வகுப்பு, அதாவது தரவும் செயல்களும் சேர்ந்த பொருள்களுக்கான வார்ப்பு, ஒரே தாய் வகுப்பிலிருந்து மட்டுமே மரபுரிமை பெறும். ஒரு வகுப்பு செய்யவேண்டிய செயல்களைப் பட்டியலிடும் இன்டர்ஃபேஸ்களை எத்தனை வேண்டுமானாலும் ஏற்கலாம். எண் போன்ற அடிப்படை வகைகள் பொருள்கள் அல்ல என்பதால் இதை முழுமையான பொருள்நோக்கு மொழி (எல்லாமே பொருள்களாக அமைந்த மொழி) என்று நான் சொல்லமாட்டேன். தொடக்கத்தில் வேகமும் குறைவுதான். 1999இல் வந்த ஹாட்ஸ்பாட் என்ற மெய்நிகர் இயந்திரம் அடிக்கடி ஓடும் பகுதிகளை அந்தந்தச் சிப்பின் கட்டளைகளாகவே மாற்றி அக்குறையைப் பெரிதும் போக்கியது.

எனக்கு மிகவும் பிடித்தது, உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியாக்கமான யூனிகோடை முதற்பதிப்பிலிருந்தே ஜாவா ஏற்றதுதான். தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியாக்கத்தில் இருந்த அந்தக் காலத்தில், நிரலில் மதிப்புகளைத் தாங்கும் மாறிகளின் பெயர்களையே தமிழில் எழுத இம்மொழி இடம் தந்தது. 'மதிப்பெண்' என்ற மாறியை வைத்து விண்டோஸில் கம்பைல் செய்த கோப்பை, ஓர் எழுத்தும் மாற்றாமல் லினக்ஸில் நான் இயக்கியிருக்கிறேன்.