கொற்றவை வேஷம், கார் பார்க்கிங் வெளிச்சம்: எடிட்டிங் குறிப்புகள்

ஒருவழியாக ஒரு படம் நான் நினைத்த மாதிரி வந்திருக்கிறது, மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். காஸ்ப்ளே (கதாபாத்திரம் போல வேஷம் கட்டுவது) படங்களைக் கொஞ்சம் மிரட்டலாக, சினிமா போஸ்டர் பக்கத்தில் வைத்தாலும் தாங்குகிற மாதிரி எடிட் செய்வதுதான் இப்போதைய பைத்தியம். மென்பொருள் இரண்டும் இலவசம். ரா ஃபைலை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ஃபைல்) திறக்க டார்க்டேபிள், மற்ற வேலைக்கு கிம்ப். கேமரா பழைய கிராப் சென்சார், லென்ஸ் ஐம்பது எம்எம்.

வேஷம் போட்டது என் தங்கையின் தோழி. சென்னையில் 2024 பிப்ரவரியில் முதல் காமிக் கான் (காமிக்ஸ், காஸ்ப்ளே ரசிகர்கள் கூடுகிற விழா) நடந்ததிலிருந்து ஃபோமும் பசையுமாகவே திரிகிற பெண். இந்த முறை எல்லோரும் போடுகிற அனிமே பாத்திரம் வேண்டாம், பழந்தமிழர் போர்த்தெய்வம் கொற்றவை போடுகிறேன் என்றாள். சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரியில் எயினர்கள் (வேடர்கள்) ஒரு குமரிப் பெண்ணுக்குக் கொற்றவை வேஷம் கட்டுகிற இடம் இருக்கிறதே, அதை எடுத்துப் படித்துப் பாருங்கள், அப்படியே ஒரு காஸ்ப்ளே பட்டியல்: கூந்தலை உயர்த்தி முடிந்து அதில் சின்ன வெள்ளைப் பாம்பைச் சுற்று, பன்றிக் கொம்பைப் பிடுங்கிப் பிறை மாதிரி வை, புலிப்பல்லில் தாலி, இடுப்புக்குப் புலித்தோல், கையில் வில், அப்புறம் கலைமான் மேல் ஏற்று. கலைமானை மட்டும் விட்டுவிட்டோம். பன்றிக் கொம்பு ஈவிஏ ஃபோமில், பற்கள் காற்றில் காய்கிற களிமண்ணில், பாம்பு பருத்திக் கயிற்றில், புலித்தோல் துணிக்கடையில் மீட்டர் கணக்கில்.

படம் எடுத்தது இரண்டு இடத்தில். ஒன்று ஒரு அரங்கின் நடைபாதை, மேலே வரிசையாக எல்இடி பேனல், வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. இன்னொன்று எங்கள் அபார்ட்மென்ட் தரைத்தளக் கார் பார்க்கிங், சாய்தளம் வழியாக ஒரே ஒரு பக்கத்திலிருந்து சாயங்கால வெளிச்சம். வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டு அந்த வரிசை டியூப்லைட்டை அணைத்து வைத்தோம், இல்லாவிட்டால் ஒரு கன்னம் வெயில் நிறத்திலும் இன்னொரு கன்னம் லேசான பச்சையிலும் வந்து உயிரை வாங்கும். இரண்டு இடத்துப் படத்திலும் ஒரே எடிட்டிங் வேலையைச் செய்து பார்த்தேன். நடைபாதைப் படம் எவ்வளவு இழுத்தாலும் வேஷம் போட்ட பெண் ஒருத்தி வரிசையில் நிற்கிற படமாகவே இருந்தது. பார்க்கிங் படத்தில் மூக்கின் நிழல் கன்னத்தில் இறங்கி, இருட்டுப் பக்கக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோண வெளிச்சம் விழுந்திருந்தது, ரெம்பிராண்ட் லைட்டிங் என்பார்களே, அது தானாகவே அமைந்துவிட்டது. அதை வைத்து எது வேண்டுமானாலும் செய்யலாம். வெளிச்சத்துக்குத் திசை இல்லாத படத்தில் நேரம் செலவழிக்காதீர்கள் என்பதே என் கருத்து. முகத்தின் ஒரு பக்கத்தைக் கையால் இருட்டாக்கிக் கொண்டுவரலாம்தான், ஆனால் ஆடையின் ஒவ்வொரு மடிப்பும் கழுத்தில் தொங்குகிற ஒவ்வொரு பல்லும் பழைய வெளிச்சத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன். டார்க்டேபிளில் முதல் வேலை மொத்தப் படத்தையும் ஒரு ஸ்டாப்புக்குக் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதி) கொஞ்சம் மேலே இருட்டாக்கியது. யூடியூபில் பாதிப் பேர் கான்ட்ராஸ்டை ஏற்று, கிளாரிட்டியை ஏற்று என்று ஏற்றிக்கொண்டே போவார்கள், அதில் தோல் சொரசொரப்பாகி, கண்ணுக்குக் கீழே கறுப்பு ஏறி, ஆள் காய்ச்சலில் படுத்து எழுந்த மாதிரி ஆகிவிடும். எனக்கு உதவியது எதிர்ப்பக்கம்: முதலில் எல்லாவற்றையும் இருட்டில் தள்ளிவிட்டு, எது தெரிய வேண்டுமோ அதை மட்டும் மேலே கொண்டுவருவது. வெளிச்ச அளவு வாரியாக ஏற்றி இறக்குகிற டோன் ஈக்வலைசரில் நடுத்தர வெளிச்சங்களை இறக்கினேன், பின்னால் நின்ற கார்கள், தூண், தீயணைப்பு வாளி எல்லாம் கரைந்தே போயின. வாளியை அழிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன், தேவையே படவில்லை. இதற்கு ரா ஃபைல் கட்டாயம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், பதினான்கு பிட் ராவில் 16,384. ஜேபெக்கை இந்த அளவுக்கு இருட்டாக்கி மறுபடி முகத்தை மட்டும் தூக்கினால் கன்னத்தில் பட்டை பட்டையாகப் படி விழும்.

அடுத்தது நிறம், அதிக நேரம் தின்றது இதுதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற சினிமா பிரீசெட்டுகள் (முன்கூட்டியே அமைத்து வைத்த நிற மாற்றங்கள்) பெரும்பாலும் நிழலில் நீலப்பச்சையையும் வெளிச்சத்தில் ஆரஞ்சையும் ஏற்றுகிறவை. வெளுத்த தோலில் முகத்தின் பெரும்பகுதி வெளிச்சப் பக்கக் கணக்கில் விழும், அதனால் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு தப்பித்துவிடும். நம் மாநிறம், கறுப்பு நிறத்தில், அதுவும் ஏற்கெனவே இருட்டாக்கிய படத்தில், முகத்தில் பாதிக்கு மேல் நிழல் கணக்கில் போய்விடும், நீலம் அதன்மேல் ஏறும், பழுப்பும் நீலமும் சேர்ந்தால் சாம்பல்தான். திருநீறு பூசியது போல ஒரு முகம். இதைப் பார்த்துப் பயந்து தோலின் வெளிச்சத்தை ஏற்றுகிறார்கள், அப்புறம் ஆளே வேறு நிறம், கொற்றவையாவது ஒன்றாவது.

நான் செய்தது இது. கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியில் நீலத்தை மிக ஆழமான நிழலுக்கு மட்டும் கொடுத்தேன், அதிலும் பாராமெட்ரிக் மாஸ்க்கில் ஆரஞ்சு, பழுப்பு சாயல்களைத் தேர்ந்தெடுத்து விலக்கிவிட்டேன், அதனால் நீலம் தூணிலும் தரையிலும் நின்றது, தோலைத் தொடவில்லை. தோலின் நிழலுக்கு அதே கருவியைத் தனியாக இன்னொரு தடவை போட்டு, கொஞ்சம் சிவப்பு கலந்த பழுப்பு. வெளிச்சப் பக்கத்தில் லேசான மஞ்சள். தோலின் பிரகாச ஸ்லைடரைத் தொடவே இல்லை. இன்னொன்றும் கவனித்தேன், கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தை நிழலைவிட மினுக்கம்தான் நன்றாகக் காட்டுகிறது: நெற்றி மேடு, மூக்குத் தண்டு, தோள் எலும்பு. இது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது போல, தோளிலும் கழுத்தெலும்பிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தாள். அந்த மினுக்கத்தைக் குறைத்து மாவு பூசியது போல ஆக்குகிற ஸ்கின் ஸ்மூத்திங் ஃபில்டர்கள் எல்லாம் இங்கே விரோதிகள்.

கிம்பில் டாட்ஜ் அண்ட் பர்ன், அதாவது இடம் இடமாக வெளுக்க வைப்பதும் இருள வைப்பதும். ஐம்பது சதவீத சாம்பல் நிரப்பிய ஒரு லேயர் (படத்தின் மேல் விரிக்கிற அடுக்கு), அது கீழே உள்ள படத்தோடு கலக்கிற மோட் சாஃப்ட் லைட், அதன்மேல் வெள்ளை பிரஷ்ஷால் தேய்த்த இடம் வெளுக்கும், கறுப்பால் தேய்த்த இடம் இருளும். பிரஷ்ஷின் ஒப்பாசிட்டி (அழுத்தம்) ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மெதுவாகப் பல தடவை. எண்ணெய் மினுங்கிய இடங்களை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், தாடைக்குக் கீழேயும் கன்னக் குழியிலும் இறக்கினேன். கண்ணில் வெள்ளை விழியைத் தொடவில்லை, பாப்பாவைச் சுற்றிய பழுப்பு வளையத்தின் கீழ்ப்பாதியை மட்டும் லேசாகத் தூக்கினேன், வெள்ளையை வெளுப்பாக்கினால் ஆவி புகுந்த மாதிரி ஆகிவிடும் (வேட்டுவ வரிக்கு அது பொருந்தும் என்றாலும்). அரை மணிக்கு ஒரு தடவை படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோதுதான் முகத்தைவிடப் பன்றிக் கொம்பு பளிச்சென்று இருப்பது தெரிந்தது, கண் நேராக அங்கேதான் போகிறது. வெள்ளை பெயின்ட் அடித்த ஃபோம் வேறு எப்படி இருக்கும். கொம்பை முக்கால் ஸ்டாப் இறக்கி, லேசாக மஞ்சள் ஏற்றி, வேர்ப்பக்கம் பழுப்பாக்கி, நுனியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் விட்டதும் அது எலும்பாகிவிட்டது. ஃபோமின் ஒட்டுத் தையல் தெரிந்த இடத்தை ஹீல் டூலால் மூடினேன். விக்கின் செயற்கை நார் நீலமாக மின்னியது, அந்த மினுக்கத்தின் நிறத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

புகைக்கு இணையத்தில் பிரஷ் தேடியதில் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவார்களே, அதைக் கறுப்பு வேட்டிக்கு முன்னால் வைத்து, பக்கவாட்டில் ஒரு டார்ச் அடித்து, வரிசையாகப் படமெடுத்துக்கொண்டேன் (ஐயப்பனுக்கு மாலை போடுகிற மாமா வேட்டி கொடுத்தார், எதற்கென்று கேட்கவில்லை). ஊதுவத்திப் புகை கோடு கோடாக வரும், சாம்பிராணிப் புகை திரண்டு வரும், இந்தப் படத்துக்கு இரண்டாவதுதான் சரி. புகைப் படத்தை மேலே லேயராகப் போட்டு மோடை ஸ்கிரீனுக்கு மாற்றினால் கறுப்பு மறைந்து புகை மட்டும் நிற்கும். பக்க வெளிச்சத்தில் புகை நீலம் தட்டும், அதனால் முதலில் நிறத்தை எடுத்துவிட வேண்டும். புகைக்கும் திசை உண்டு: சாய்தளம் இடப்பக்கம் என்பதால் புகையும் இடப்பக்கம் வெளுத்து வலப்பக்கம் மங்க வேண்டும், ஒரு லேயர் மாஸ்க்கில் கிரேடியன்ட் போட்டால் போதும். ஒரு படலம் அவளுக்குப் பின்னால், அதற்காகத் தலைமுடியைச் சுற்றி மாஸ்க் வரைந்தது ஒரு தனிச் சித்திரவதை. இன்னொன்று முன்னால், இடுப்புக்குக் கீழே, நன்றாக பிளர் செய்து.

பாதியில் அவளுக்கு அனுப்பிக் கேட்டேன், முகத்திலோ உடம்பிலோ ஏதாவது மாற்ற வேண்டுமா என்று. இதைக் கேட்காமல் உருவத்தை இழுத்து வளைக்கிற லிக்விஃபை வகை டூல் எதையும் தொடுவதில்லை. "மூக்கு அப்படியே இருக்கட்டும் அண்ணா, பரு மட்டும் எடுத்துடுங்க" என்றாள். விரலில் குளூ கன் சுட்ட தழும்பு ஒன்று வில்லைப் பிடித்த கையில் நன்றாகத் தெரிந்தது, அதை அழிக்கட்டுமா என்றதற்கு, "ஐயோ அது இருக்கணும்ணா, இந்த டிரெஸ்ஸுக்காக வாங்கினது" என்று பதில் வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், சொல்லப்போனால் கொஞ்சம் டாட்ஜ்கூடச் செய்தேன்.

கடைசியில் மொத்தப் படத்துக்கும் மெல்லிய கிரெய்ன் (ஃபிலிம் படத்தில் தெரிகிற மாதிரிப் பொடிப்புள்ளிகள்). அழகுக்கு மட்டும் இல்லை, இருட்டான பின்னணியில் நிறம் மெல்ல மெல்ல மாறுகிற இடத்தில் ஜேபெக் பட்டை விழுவதை அது மறைக்கும். எஸ்ஆர்ஜிபியில் (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பு) எக்ஸ்போர்ட், வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக, போட்டோவாக அனுப்பினால் அமுக்கிப் புகையைக் கட்டம் கட்டமாக்கிவிடும். பிரின்ட்டுக்கு எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம், 300 டிபிஐ கணக்கில் 2400க்கு 3600 பிக்சல். மானிட்டர் வெளிச்சம் முழுதாக வைத்து எடிட் செய்த இருட்டுப் படம் தாளில் இன்னும் இருட்டாகவே வரும், அதனால் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கிப் பார்த்து, நிழல்களைக் கொஞ்சம் தூக்கிய தனிப் பிரதி ஒன்றை லேபுக்குக் கொடுத்தேன். மேட் தாள் வாங்காதீர்கள், கறுப்பு வெளிறித் தெரிகிறது, இந்த மாதிரிப் படத்துக்கு லேசான பளபளப்புள்ள லஸ்டர்தான்.

அடுத்து வில்லை முழுதாக வளைத்த படம். அதற்கு எடிட்டிங்கில் இருட்டாக்குவதைவிட எடுக்கும்போதே இருட்டாக்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்: ஒற்றை ஃபிளாஷை முகத்திலிருந்து ஒரு மீட்டரில் வைத்து, சுவர் ஃபிளாஷிலிருந்து நான்கு மீட்டரில் இருந்தால், சுவருக்குப் போகிற வெளிச்சம் பதினாறில் ஒரு பங்கு, அதாவது நான்கு ஸ்டாப் கீழே. ஃபிளாஷ் நண்பனிடம் இருக்கிறது, பார்க்கிங்கில் நான்கு மீட்டர் காலியாகக் கிடைக்க ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெளியே போக வேண்டும்.