சேர்வராயன் குகைக்குள் அக்கா

ஏற்காடு என்றாலே இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் பேசுவார்கள். சக்கர நாற்காலியோடு போகிறவர்களுக்கு வளைவு ஒரு பொருட்டே இல்லை. அது வண்டியின் பாடு. நம் பாடு இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கும்.

அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது. கால்களில் பலம் கிடையாது. அதற்கும் சேர்த்துக் கைகளில் இருக்கிறது. கீழே, ஊருக்குள், அவளைப் பல கோயில்களில் நிறுத்துவது நிலைப்படிதான். அந்தக் கருங்கல்லைத் தாண்ட நாற்காலியோடு நாலு பேர் தூக்க வேண்டும். ஓடி வருகிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு என்னங்க ஆச்சு?" என்பார்கள். "வாய் நல்லாத்தான் இருக்கு, என்கிட்டயே கேளுங்க" என்பாள் அக்கா.

மே மாதத்தில் கோடை விழா, சேர்வராயன் கோயில் திருவிழா என்று மலை முழுக்கக் கூட்டம் இருக்கும். அதனால் வெயில் காலம் முடிந்து, வார நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். காலையிலிருந்து அக்கா தண்ணீரே குடிக்கவில்லை. நாற்காலி நுழைகிற கழிப்பறை வழியில் இருக்குமோ இருக்காதோ என்ற பயம். சுற்றுலாத் தலம் என்று பலகை வைக்கிறவர்கள் முதலில் இதைக் கவனித்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

ஏரியை ஓரமாகப் பார்த்துவிட்டு நேரே மேலே போனோம். சேர்வராயன் கோயில் 5,300 அடிக்கு மேல், மலையின் உச்சியில் இருக்கிறது. ஆனாலும் வண்டி கோயிலுக்குப் பக்கம் வரைக்கும் போகிறது. உச்சி என்றால் கூர்மையாக இருக்கும் என்று நினைப்போம். இங்கே பரந்த வெட்டவெளி, காற்று ஆளையே தள்ளுகிறது. மண் சிவப்பு, நிறையச் சரளை. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் சரளையில் சிக்கினால் நாற்காலி அப்படியே குப்புறச் சாயும். அதனால் பின்பக்கம் சாய்த்து, பெரிய சக்கரங்களில் மட்டும் உருட்ட வேண்டும். மாமா அதில் தேர்ந்தவர். சரிவில் இறங்கும்போது அக்காவின் முதுகு கீழே பார்த்திருக்க, பின்னோக்கியே இறக்குவார். புதிதாகத் தள்ளுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் பழகிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

கோயில் என்பது ஒரு குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே பழகியவர்களுக்கு இந்தத் தாழ்ந்த வாசல் புதுசாக இருக்கும். நாற்காலி அதற்குள் போகாது. "கற்பூரத்தை வெளியே கொண்டு வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்குடா? எல்லாரும் குனிஞ்சுதானே போறாங்க" என்றாள்.

போர்வையை மடித்துக் கீழே போட்டோம். பிரேக்கைப் போட்டு, கால் வைக்கும் தட்டை ஒதுக்கி, கைப்பிடியை ஊன்றித் தானாகவே தரையில் இறங்கினாள். வீட்டில் அடுப்படிக்குப் போகிற மாதிரி இரண்டு கைகளையும் ஊன்றி நகர்ந்தாள். உள்ளே தரை ஈரம், சில்லென்று இருந்தது. முன்னால் போனவர்கள் "தலை, தலை" என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டார்கள். நான் ஒருமுறை இடித்துக்கொண்டேன். அக்காவின் தலைக்கு மேலே மட்டும் தாராளமாக இடம் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் சாமியின் முகம் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. பூசாரி திருநீற்றை அவள் கையிலேயே கொடுத்தார், என் கையில் இல்லை. அதில் அவளுக்குப் பரம திருப்தி.

என்ன வேண்டிக்கொண்டாய் என்று மாமா கேட்டார். "அதைச் சாமிகிட்ட சொல்லியாச்சு" என்று முடித்துவிட்டாள்.

சேலை முழுக்க ஈரம். காருக்குள்ளேயே மாற்றுப் புடவை கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் அரை பாட்டில் தண்ணீர் குடித்தாள், வீடு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்ற தைரியத்தில். அடுத்து கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர் கோயிலுக்குப் போக வேண்டுமாம். அங்கே அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும்; வேறு நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.