கேபிளுக்குள் ஏறும் விளக்கெண்ணெயை நிறுத்தியாச்சு

நான் செய்த ஹைட்ரோஃபோன், அதாவது தண்ணீருக்கடியில் ஒலி பிடிக்கிற மைக், ஒரு ராத்திரி முழுக்க எங்கள் மண்டபம் ஊரின் வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்) தொங்கியது. காலையில் இழுத்துப் பார்த்தால் இன்னும் வேலை செய்கிறது. இந்தப் பதிவுக்கு அது ஒன்றே காரணம். இதற்கு முன்னால் செய்தவை எல்லாம் தண்ணீரில் இறங்கியதும் நன்றாகத்தான் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கரகரப்பு வரும், அப்புறம் ஒலி மெலியும், கடைசியில் ஒன்றும் இருக்காது. மேலே எடுத்து உலர்த்தினால் திரும்ப வரும். அது இன்னும் எரிச்சல்.

பீசோ தட்டில் (அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் மெல்லிய தட்டு) ஒயர் பற்றவைப்பது எப்படி, சூடு எவ்வளவு என்பதெல்லாம் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அமைப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். 35 மில்லிமீட்டர் தட்டு இரண்டு. நடுவில் ஒரு அங்குல பிவிசி பைப்பில் மெல்லிசாக அறுத்த வளையம். வெள்ளைப் பீங்கான் பக்கம் இரண்டும் உள்ளே பார்க்க, பித்தளைப் பக்கம் இரண்டும் வெளியே. பித்தளைகளைச் சேர்த்து எர்த், பீங்கான்களைச் சேர்த்து சிக்னல். இப்படி வைத்தால் பித்தளையே மறைப்பாகிவிடுகிறது, வெளி இரைச்சல் பாதி குறையும். விளிம்பைச் சுற்றி அரால்டைட், இரண்டைக் கலந்து ஒட்டுகிற எபாக்சி பசை. தட்டுகளுக்கு நடுவில் காற்று இருந்தே ஆக வேண்டும். வெளியே அழுத்தம் ஏறி இறங்கும்போது தட்டு உள்ளே வளைய இடம் வேண்டுமே. நிறையப் பேர் அதையும் பசையால் நிரப்பிவிட்டு ஒலி குறைவாக இருக்கிறது என்று புலம்புகிறார்கள்.

நடுவில் காற்று வேண்டும், வெளியே ஒரு சொட்டுக் காற்றுக்கூடக் கூடாது. விளக்கெண்ணெய் வருவது இங்கேதான். அதில் ஒலி போகும் வேகமும் அதன் அடர்த்தியும் கடல் தண்ணீருக்கு ரொம்பப் பக்கம். அதனால் கடலிலிருந்து எண்ணெய்க்குள் ஒலி அவ்வளவாகத் திரும்பிப் போகாமல் நுழைகிறது. மின்சாரமும் கடத்தாது. விலை கூடிய ஹைட்ரோஃபோன்களிலும் விளக்கெண்ணெய் நிரப்புகிற வழக்கம் உண்டு. நமக்கோ அது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற சாமான். கடைக்காரர் "குழந்தைக்கா பெரியவங்களுக்கா?" என்றார். சைக்கிள் டியூபுக்கு என்று சொன்னால் கதை நீளும், பெரியவங்களுக்கு என்று சொல்லிவிட்டேன்.

சைக்கிள் டியூபை ஒரு சாண் வெட்டி, ஒரு முனையைக் கட்டி, தட்டை உள்ளே விட்டு, எண்ணெயை நிரப்பி, அடுத்த முனையைக் கேபிளோடு கட்ட வேண்டும். குமிழி மட்டும் பிடிவாதம் பிடிக்கும். எண்ணெய் கெட்டி, குமிழி சுலபத்தில் மேலே வராது. சுடுதண்ணீரில் பாத்திரத்தை வைக்கச் சொல்வார்கள். மண்டபத்தில் அதெல்லாம் தேவையில்லை. மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் மூடி வைத்தால் போதும், எண்ணெய் இளகிக் குமிழியெல்லாம் தானாக மேலே வந்துவிடும். பிறகு ஒரு வாளி எண்ணெய்க்குள்ளேயே டியூபை முக்கி, விரலால் பிதுக்கி, முக்கினபடியே கட்ட வேண்டும். வாளி என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன், ஐஸ்கிரீம் டப்பாதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டியூப் கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. சித்தப்பா வலை கட்டுகிற நைலான் நூலால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கொடுத்தது அது. அதில் ஒழுக்கு வர வழியே இல்லை. ஆனாலும் டியூபைப் பிரித்தால் உள்ளே உப்புத்தண்ணீர் நிற்கும். ஒரு நாள் ரெக்கார்டரில் செருகும் பிளக்கைத் தொட்டால் பிசுபிசு என்று இருந்தது. மோந்து பார்த்தால் விளக்கெண்ணெய். பதினைந்து மீட்டர் கேபிளின் கீழ் முனையில் இருக்கிற எண்ணெய், மேல் முனை பிளக்கில்! சுருட்டி மேசையில் வைத்திருந்த நேரத்தில் கேபிளுக்குள் இருக்கிற மெல்லிய செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து வந்திருக்கிறது. எண்ணெய் இந்தப் பக்கம் வரும் என்றால் தண்ணீர் அந்தப் பக்கம் போகும். வள்ளத்தின் விளிம்பில் உரசி மேலுறையில் எங்கேயோ ஒரு கீறல். அது வழியாக நுழைகிற தண்ணீர், மேலுறைக்கு அடியில் எர்த்துக்காக இருக்கிற செம்புப் பின்னல் வழியாகவே நேரே தட்டுக்கு இறங்கிவிடுகிறது. வெளியே எத்தனை கட்டு போட்டு என்ன பயன்?

பின்னலில் ஈயத்தை உருக்கி ஊற்றி அடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. பின்னல் முழுக்க ஈயம் இறங்கும் அளவுக்குச் சூடு கொடுத்தால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறை உருகி சிக்னலும் எர்த்தும் ஒட்டிக்கொள்கிறது. அப்படியே அடைத்தாலும் நடு ஒயரும் இழைதான், அது வழியாக இறங்கும்.

கடைசியில் பலித்த வழி இது. டியூபுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே கேபிளைத் துண்டாகவே அறுத்துவிட வேண்டும். இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு அங்குல இடைவெளி. அந்த இடைவெளியில் சிக்னலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று என்று ஒற்றைக் கம்பி, இழை இல்லாத திடமான செம்புக் கம்பி, உறையை முழுக்க உரித்துவிட்டு. கம்பிக்கும் உறைக்கும் நடுவிலும் தண்ணீர் ஊரும், அதனால் வெறும் கம்பிதான் வேண்டும். இரண்டு முனையிலும் மேலுறையை உப்புத்தாள் போட்டு நன்றாகச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, மொத்தத்தையும் முனை அறுத்த ஒரு சிரிஞ்சுக்குள் நிறுத்தி, அரால்டைட்டை ஊற்ற வேண்டும். இப்போது மேலிருந்து வரும் தண்ணீர் அந்தப் பசைக்கட்டி வரைக்கும் வரும், அதற்கு மேல் ஊர இழை கிடையாது. கீழிருந்து ஏறும் எண்ணெய்க்கும் அதே கதி. இரண்டு கம்பியும் ஒன்றை ஒன்று தொடாமல் நிற்க, நடுவில் தீக்குச்சித் துண்டு ஒன்றைச் செருகினேன்.

ஐந்து நிமிட அரால்டைட் வேண்டாம். ஊற்றி முடிப்பதற்குள் இறுகும், தண்ணீரில் நாள்பட ஊறவும் செய்யும். மெதுவாக இறுகுகிற பழைய வகைதான் நல்லது. கலந்ததும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டினால் இளகி இண்டு இடுக்கெல்லாம் இறங்குகிறது. வீட்டில் இடுக்கு அடைக்கிற சிலிக்கோன் பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காடி வாசம் அடிக்கிற வகை என்றால் செம்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும், ஒயர் பச்சை பூத்துவிடும்.

நடுவில் பைபர் படகு ஒட்டுகிற ரெசினையும் விட்டுவைக்கவில்லை. கடற்கரையில் அது தண்ணீர் பட்ட பாடு கிடைக்கும். ஒட்டுகிற அண்ணன் ஒரு கப் கொடுத்துவிட்டு, "தம்பி, இது பைபருக்கும் பலகைக்கும் பிடிக்கும். உன் ஒயருக்குப் பிடிக்காதுப்பா" என்றார். சொன்னபடியே இறுகும்போது சுருங்கி, கேபிளைச் சுற்றி மயிரிழை இடைவெளி விட்டது. ஆனால் அவர் சொன்ன இன்னொன்றை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும்: கோபால்ட்டை (இறுகுவதை வேகப்படுத்துகிற திரவம்) முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கி, அப்புறம்தான் ஹார்ட்னர். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

தட்டுக்கும் ரெக்கார்டருக்கும் நடுவில், சிக்னல் மெலியாமல் கடத்துகிற பஃபர் சர்க்யூட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிஎஃப்டபிள்யூ 10, காலேஜ் லேபில் பார்த்த அதே ஜேஃபெட் டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரியில். தட்டு இரண்டும் சேர்ந்து 50 நானோஃபாரட் சொச்சம் காட்டுகிறது. இதை 2 கிலோ ஓம் மைக் இன்புட்டில் நேராகச் செருகினால் ஏறக்குறைய 1600 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மெலிந்து தகர டப்பா சத்தம்தான் வரும். அதற்காக எல்லோரும் பஃபரின் இன்புட்டில் 1 மெகா ஓம் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் 3 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், ஒவ்வொரு அலைக்கும் மீட்டர் சிவப்புக்கு எகிறும். நான் 100 கிலோ ஓமில் நிறுத்திவிட்டேன், 30 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டு. சர்க்யூட்டைத் தண்ணீருக்குள் வைக்கவும் வேண்டியதில்லை. தட்டின் 50 நானோவுக்கு முன்னால் பதினைந்து மீட்டர் கேபிளின் ஒன்றரை நானோ ஒரு கணக்கே இல்லை. வள்ளத்தில் டிபன் டப்பாவுக்குள் சுகமாக இருக்கிறது.

கேபிள் ராம்நாட்டில் ஒரு மைக் செட் கடையில் வாங்கியது. கோயில் திருவிழாவில் அடிபட்ட கேபிள், மேலுறை கொஞ்சம் வெளிறியிருந்தாலும் பின்னல் அடர்த்தி. புதிதாக ஆன்லைனில் வாங்கியதில் பின்னல் பெயருக்குத்தான் இருந்தது. பீசோ தட்டும் ஜேஃபெட்டும் சென்னையில் இருந்தபோதே ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிப் போட்டவை. அப்போது சம்பளம் இருந்தது, நேரம் இல்லை. இப்போது தலைகீழ். கம்பெனி கணக்கை முடித்து அனுப்பிய பிறகு ஊருக்கு வந்துவிட்டேன். காலையில் வேலைக்கு விண்ணப்பம் போடுவது, மத்தியானத்துக்கு மேல் சால்டரிங். புதிதாக எதையும் வாங்குவதில்லை என்று ஒரு விதி. அதனால்தான் சைக்கிள் டியூபும் சிரிஞ்சும். அந்த விதி இல்லாவிட்டால் ரெடிமேடாக ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, கேபிளுக்குள் எண்ணெய் ஏறும் என்பதே தெரியாமல் இருந்திருப்பேன். ஒரு நேர்காணலில் "இடையில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். பதிவை ஓட்டிக் காட்டினேன். "நெட்வொர்க் சரியில்லை போல, கரகரக்கிறது" என்றார் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்.

அந்தக் கரகரப்புக்குத்தான் இத்தனை பாடு. ஹெட்போனை மாட்டினால் சுற்றிலும் கடுகு தாளிக்கிற சத்தம், ஓயாமல். ஒரு பக்கத்துக் கொடுக்கு மட்டும் பெருத்த, விரல் நீளம்கூட இல்லாத சின்ன இறால்களின் வேலை அது. கொடுக்கை மூடுகிற வேகத்தில் தண்ணீர் பீய்ச்சி ஒரு குமிழி உண்டாகும். அந்தக் குமிழி நொறுங்குவதுதான் சத்தம், கொடுக்கு மோதுவது அல்ல. அதிவேகக் கேமராவில் பிடித்து 2000-இல் ஓர் ஆய்வில் காட்டினார்கள். பாசி அடர்ந்த இடத்தில் வெடிப்பு நெருக்கமாகவும், வெறும் மணலில் தூரமாகவும் கேட்டது. பொழுது சாயும்போது கூடியதாக எனக்குத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்தால்தான் நிச்சயம்.

நேரமும் வாய்த்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். 61 நாள் இழுவைப் படகு எஞ்சின் கிடையாது. மற்ற நாளில் தூரத்துப் படகின் இரைச்சல்கூட எல்லாவற்றையும் மூடிவிடும், தண்ணீரில் சத்தம் அவ்வளவு தூரம் போகும். இந்தக் காற்றுக்குத் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கொந்தளிப்பு, வடகடல் பரவாயில்லை. வாடை பிடித்தால் அப்படியே மாறும், அப்போது தென்கடலில் கோயில்வாடிப் பக்கம் போகலாம். தீவுப் பக்கம் ஆசை இருக்கிறது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பேச்சே வேண்டாம்.

சித்தப்பா தொழிலுக்குப் போகாத ராத்திரியாகப் பார்த்து வள்ளத்தைக் கேட்டு வாங்கினேன். "எண்ணெயைக் கட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு என்னத்தடா கேட்கப் போறே?" என்றவர், ஹெட்போனை மாட்டியதும் ரொம்ப நேரம் கழற்றவே இல்லை. நடுவில் ஒரு "கொர்... கொர்" வந்தது. "கத்தாழைடா. வலையில எடுத்து உள்ள போட்டாலும் இப்படித்தான் கத்தும்" என்றார். அது கத்தாழை மீன்தானா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அவர் சொன்னால் எனக்குப் போதும்.

தொங்கவிடுவதில் ஒரு குறிப்பு: பாரத்தைக் கயிறு தாங்கட்டும், கேபிள் அதில் தொளதொளவென்று சும்மா வரட்டும். ஈயக் குண்டை ஹைட்ரோஃபோனுக்கு ஒரு முழம் கீழே கட்டினால் ஆட்டம் குறைகிறது. வள்ளத்தின் பக்கவாட்டில் அலை அறைகிற சத்தத்துக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. மிதவையில் கட்டித் தள்ளி விட்டுப் பார்க்க வேண்டும்.

வெடிப்புகளை எண்ண பைதானில் ஒரு ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கிறது. அதை முடிக்காமலே ஸ்டீரியோவுக்குத் தாவிவிட்டேன். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர், காற்றைவிட நாலு மடங்குக்கு மேல். காதுக்குக் காது இருக்கிற இடைவெளியில் இரண்டை வைத்தால் எல்லாம் நடுமண்டையில்தான் கேட்கும். ஒரு மீட்டர் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது கீழே தண்ணீரில் என்ன கேட்கும் என்று ஒரு அரிப்பு. காவல் உள்ள இடம், கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்றைத் தொகுத்து, பாம்பன் கடல் ஓசை வானொலியில் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் இருக்கிறேன்.

இரண்டாவது ஹைட்ரோஃபோனுக்கு வளையம் அறுத்தாயிற்று, தட்டும் ஒட்டியாயிற்று. அரால்டைட்தான் தீர்ந்துபோனது. அடுத்த வாரம் மதுரையில் ஒரு நேர்காணல், வரும் வழியில் ராம்நாட்டில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம். அந்த மைக் செட் கடையில் அதே கேபிளில் இன்னொரு சுருள் கிடக்கிறது, யாரும் முந்திக்கொள்ள வேண்டாம்.