சத்து மாத்திரையும் வலி மாத்திரையும்

எலும்பு வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக எனக்கு இது பதினோராவது வருஷம். வீட்டுக்குப் போகிறவர்களின் மருந்துப் பையைப் பிரித்து, எந்த அட்டை எதற்கு என்று சொல்லி அனுப்புவது எங்கள் வேலை. நாம் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் மனதிலேயே இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். சத்து மாத்திரை நல்லது, எவ்வளவு போட்டாலும் தப்பில்லை. வலி மாத்திரை கெட்டது, முடிந்தவரை தொடக்கூடாது.

முட்டி மாற்று ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர். "வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்று கேட்டால், "பரவாயில்ல கண்ணு, தாங்கிக்கலாம்" என்பார். வாய்தான் அப்படிச் சொல்லும், கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும். நாலு பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று வேறு கேட்பார். வார்டில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. மணி பார்த்து மருந்து ஏற்றுவோம், பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே வலிக்கு ஏதாவது உள்ளே போயிருக்கும், முட்டியும் மடங்கும்.

அவர் டிஸ்சார்ஜ் ஆன அன்று இன்னும் மூன்று பேர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், ஆட்டோ வேறு வாசலில் நின்றது. வைட்டமின் டி பவுடர் பாக்கெட் எட்டு. ஒவ்வொன்றும் 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்று. சொன்னேன், ஆனால் ஓட்டத்தில் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.

தையல் பிரிக்க வந்தபோது முட்டி 60 டிகிரிக்கு மேல் மடங்கவே இல்லை, தொட்டாலே கத்துகிறார். மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா என்றால், "வலி மாத்திரைய ரெண்டே நாள்ல நிறுத்திட்டேம்மா, கிட்னி போயிரும்னு எதிர்வீட்டுல சொன்னாங்க. ஆனா அந்தப் பவுடர் ஒருநாள்கூட விடல, தெனம் காலைல பால்ல கலந்து குடிச்சேன், தீந்துபோச்சு, இன்னும் கொஞ்சம் எழுதிக் குடுக்கச் சொல்லு."

எனக்குப் பகீரென்றது. பி, சி மாதிரியான வைட்டமின்கள் அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி அப்படியில்லை, கொழுப்பில் தங்கும். அளவு மீறி ஏறிக்கொண்டே போனால் ரத்தத்தில் கால்சியம் கூடி வாந்தி, மலச்சிக்கல் வரும், அப்புறம் கிட்னியையே பாதிக்கும். கிட்னிக்குப் பயந்து ஒன்றை நிறுத்திவிட்டு, இதைப் போய்த் தினமும் பாலில் கலந்து குடித்திருக்கிறார்! நல்லவேளையாக ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருந்தது. டாக்டர் அந்தப் பவுடரை நிறுத்தச் சொன்னார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நியாயமான பார்வைதான்.

எதிர்வீட்டுக்காரர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை வயதானவர்கள், அதிலும் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் நாள்கணக்கில் போட்டால் கிட்னிக்கு ஆபத்துதான். ஆனால் அந்த அம்மா பையில் இருந்தது வெறும் பாராசிட்டமால். அளவோடு போட்டால் கிட்னிக்கு ஒன்றும் ஆகாது. அதில் கவனிக்க வேண்டியது கல்லீரலை, ஒருநாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது, மெலிந்த உடம்பென்றால் இன்னும் குறைவு. எல்லாவற்றுக்கும் 'வலி மாத்திரை' என்று ஒரே பெயர் வைத்தால் இப்படித்தான் குழம்பும். பெயர் வைத்ததும் நாங்கள்தான்.

சத்து மாத்திரையிலும் பயப்படுகிறவர்கள் உண்டு. பி காம்ப்ளெக்ஸ் போட்ட மறுநாள் யூரின் பளீரென்று மஞ்சளாகப் போக, "காமாலை வந்துருச்சா சிஸ்டர்?" என்று ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பியவர்கள் இருக்கிறார்கள். அது பி2 சாயம், அவ்வளவுதான்.

வைட்டமினுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மணிக்கட்டு உடைந்து வருகிறவர்களில் சிலருக்கு எலும்பு கூடிய பிறகும் கை வீங்கி, தோல் பளபளத்து, நெருப்பு வைத்தமாதிரி எரியும். தினம் 500 மில்லிகிராம் வைட்டமின் சி, 50 நாள் கொடுத்தால் இது குறைகிறது என்று 1999இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு சொன்னது: மாத்திரை சாப்பிட்டவர்களில் 7 சதவீதம் பேருக்கு இந்த எரிச்சல் வந்தது, சாப்பிடாதவர்களில் 22 சதவீதம் பேருக்கு. 336 பேரை வைத்து அதே அளவில் செய்து 2014இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. எங்கள் டாக்டர்களில் ஒருவர் எழுதுவார், ஒருவர் எழுதமாட்டார். மலிவான மாத்திரை, ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும், யாரும் வேண்டாம் என்பதில்லை. ஆனால் அது வலி மருந்துக்கு மாற்று இல்லை என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

இப்போதெல்லாம் பவுடர் பாக்கெட் ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் 'ஞாயிறு' என்று எழுதித் தேதியும் போட்டுவிடுகிறேன், படிக்கத் தெரியாதவர் என்றால் பேரன் பேத்தி யாரையாவது கூப்பிட்டு வைத்துச் சொல்கிறேன்.

அந்த அம்மா மறு வருஷம் இன்னொரு முட்டிக்கு வந்தார். "வலி பத்துக்கு எத்தனைம்மா?" "எட்டு போட்டுக்கோ, ஊசியக் குத்து, அந்தப் பையன் வந்து கால மடக்குவான்" என்றார். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார், "அந்தப் பவுடர் குடிச்சப்ப நல்லாத் தெம்பா இருந்துச்சு கண்ணு, வாரத்துக்கு ரெண்டாவது குடிக்கலாமா?"