நெளிகோடும் கோணக்குறியும்

திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திய பிறகு, 2004இல் ஒரு மாத இதழின் இணையப் பிரிவில் சேர்ந்தேன். அச்சில் வந்த கட்டுரைகளை இணையப் பக்கங்களாக மாற்றி ஏற்றுவது என் வேலை. பேஜ்மேக்கரில் பக்கம் கட்டத் தெரியும். இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் மார்க்அப் மொழியான எச்டிஎம்எல்லின் பெயரைக் கேள்விப்பட்டதோடு சரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான தொழில்நுட்ப உதவியாளர் ஏதோ ஒரு தளத்தைத் திறந்து, சுட்டியின் வலப் பொத்தானைச் சொடுக்கி, அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் எச்டிஎம்எல் மூலத்தைக் காட்டினார். “இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் சார் நாங்களும் கத்துக்கிட்டோம்” என்றார். பாடம் அவ்வளவில் முடிந்தது.

கோணக்குறிகளுக்குள் அடைபட்டுக் கிடந்த அந்தச் சொற்கள் முதலில் மிரட்டின. அரை மணி நேரம் உற்றுப் பார்த்தபின், இது நான் அறியாத வேலை அல்ல என்று தோன்றியது. கைப்பிரதியில் ஒரு சொல்லின் கீழ் ஒற்றைக் கோடு இட்டால் சாய்வெழுத்து, நெளிகோடு இட்டால் தடித்த எழுத்து. ஓரத்தில் வட்டமிட்டு ‘தலைப்பு’ என்றோ ‘புதுப் பத்தி’ என்றோ எழுதினால் அச்சுக்கோப்பவர் அந்தச் சொல்லை அச்சிட மாட்டார், அதன்படி நடந்துகொள்வார். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவி செய்வதும் அதுதான். மார்க்அப் என்ற சொல்லே அச்சகத்துச் சொல் என்பதும், கைப்பிரதியில் இடும் இத்தகைய குறிப்புகளுக்கே அப்பெயர் வழங்கியது என்பதும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டவை. 1986இல் பன்னாட்டுத் தரமாக்கப்பட்ட, ஆவணங்களைக் குறியிடும் எஸ்ஜிஎம்எல் முறையை அடியொற்றியே, செர்ன் ஆய்வகத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ்-லீ எச்டிஎம்எல்லை வகுத்திருந்தார். 1991இல் அவர் பட்டியலிட்ட, கோணக்குறிக்குள் இடும் குறிச்சொற்கள் இருபதைக்கூட எட்டவில்லை.

ஆனால் அச்சுக்கோப்பவருக்கும் உலாவிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நான் குறியை மூட மறந்தால் அச்சுக்கோப்பவர் எழுந்து வந்து கேட்பார். உலாவி கேட்காது, தடித்த எழுத்தைத் தொடங்கிவிட்டு மூடாமல் விட்ட ஒரு பக்கத்தில், அடிக்குறிப்புவரை எல்லாவற்றையும் தடிமனாகக் காட்டிவிட்டு அமைதியாக இருந்தது. முதன்முதலில் ஏற்றிய கவிதையின் கதை இன்னும் மோசம். நோட்பேடில் வரிக்கு வரி ‘என்டர்’ தட்டி, உள்தள்ள வேண்டிய இடங்களில் நான்கைந்து இடைவெளியும் விட்டு ஒழுங்காகத்தான் தட்டச்சு செய்திருந்தேன். திரையில் அது ஒரே பத்தியாக, உரைநடைபோல ஓடிக்கொண்டிருந்தது. மூலத்தில் எத்தனை வரி முறித்தாலும் எத்தனை இடைவெளி விட்டாலும் உலாவி அவற்றை ஓர் இடைவெளியாகவே கொள்ளும் என்பது எனக்குத் தெரியவில்லை. கவிஞர் தொலைபேசியில் பேசிய பத்து நிமிடங்களில் அதைக் கற்றேன்.

அந்த ஆண்டின் பெரிய இழப்பு ஒரு சேமிப்பில் நிகழ்ந்தது. அச்சுப் பிரிவின் எழுத்துருவில் இருந்த நீண்ட கட்டுரையொன்றை, கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடாக மாற்றி, இரண்டு மணி நேரம் பிழை திருத்தி, நோட்பேடில் சேமித்தபோது எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்தது. வழக்கம்போலப் படிக்காமல் ‘ஓகே’ கொடுத்தேன். கோப்பை மீண்டும் திறந்தபோது கோணக்குறிகள், இடைவெளிகள், முற்றுப்புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில் பத்திரமாக இருந்தன. தமிழ் மட்டும் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகளாகி இருந்தது. யூனிகோடைத் தாங்கும் யூடிஎஃப்-8 என்று மாற்றாமல், தமிழுக்கு இடமில்லாத ஆன்சி வடிவிலேயே சேமித்ததன் விளைவு அது. மெய்ப்புத் திருத்துபவனின் புத்தி அந்த நிலையிலும் எண்ணிப் பார்த்தது: ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள். ‘மி’யின் கொக்கியும் ‘ழ்’ மேலுள்ள புள்ளியும் கணினிக்குத் தனித்தனிக் குறியீடுகள் என்பதை, எழுத்துரு பற்றி நான் அதுவரை படித்திருந்த எதுவும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இவையெல்லாம் கண்ணில் படும் பிழைகள், ஆகவே திருத்திக்கொள்ள முடிந்தது. கண்ணில் படாத ஒன்றைத்தான் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து செய்தேன். தலைப்பு வைக்க வேண்டிய இடங்களில், தலைப்புக்கென்றே உள்ள குறிச்சொல்லை விட்டுவிட்டு, எழுத்தின் தோற்றத்தை மட்டும் மாற்றும் ‘ஃபான்ட்’ குறிச்சொல்லை எடுத்து, அளவை ஐந்தோ ஆறோ ஆக்கி, நிறத்தைச் சிவப்பாக்கி, தடித்த எழுத்தில் காட்டுவேன். பார்வைக்கு அது தலைப்பாகவே இருந்தது. 1997இலேயே எச்டிஎம்எல் 4 அந்தக் குறிச்சொல்லைக் கைவிடத்தக்கது என்று ஒதுக்கியிருந்தது எனக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருப்பேனா என்பது ஐயமே. கைப்பிரதியில் ‘தலைப்பு’ என்று மட்டும் எழுதிவிட்டு அளவை அச்சுக்கோப்பவரிடம் விட்டவன், பேஜ்மேக்கர் பழகியபின் எதையும் கண்ணால் அளந்து பார்க்காமல் இருக்க முடியாதவனாகிவிட்டிருந்தேன்.

2011இல் பார்வையற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் வேறொரு வேலையாக அலுவலகத்துக்கு வந்திருந்தார். எங்கள் தளத்தை அவர் படிப்பதுண்டு என்றதும் எனக்கு மகிழ்ச்சி. எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். தம் மடிக்கணினியைத் திறந்து, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானை இயக்கி, நான் ஏற்றிய ஒரு கட்டுரைக்குச் சென்று, அடுத்த தலைப்புக்குத் தாவுவதற்கான ‘எச்’ விசையை அழுத்தினார். அடுத்த தலைப்பு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது அந்தக் குரல். அந்தக் கட்டுரையில் ஏழு உட்தலைப்புகள் இருந்தன, ஏழும் சிவப்பு. “உங்க பக்கத்துல எப்பவும் இப்படித்தாங்க. முதல் வரியிலேருந்து கேட்டுக்கிட்டே வரணும், நடுவுல தாவ முடியாது” என்றார். குறையாகக்கூட அவர் சொல்லவில்லை. ஏழு உட்தலைப்பும் இருந்த விஷயமே அவருக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து பழைய பக்கங்களைத் திறக்கத் தொடங்கினேன். ஒரே கட்டளையில் தேடி மாற்றிவிடலாம் என்று எண்ணியது நடக்கவில்லை. அந்தந்த நாளின் கண் சொன்னபடி ஓரிடத்தில் நான்கு, ஓரிடத்தில் ஐந்து, வேறோரிடத்தில் ஆறு என்று அளவு வைத்திருந்தேன். ஒவ்வொரு சிவப்பு வரியையும் படித்து, இது தலைப்பா, அதற்குள் அடங்கிய உட்தலைப்பா, வெறும் அழுத்தமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. சில வரிகளை ஏன் பெரிதாக்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவற்றைச் சாதாரணப் பத்தியாக விட்டுவிட்டேன்.