செமினாருக்குப் பழ ஈயின் கண்ணைப் படித்த கதை

எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டில் இந்தத் தலைப்பை நானாகக் கேட்டு வாங்கவில்லை. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது: பூச்சிப் பார்வையில் நரம்பணு வகைகளும் இணைப்புகளும். பக்கத்தில் இருந்தவளுக்கு மண்புழு. அன்றைக்கு அவள் மேல் வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. இதே தலைப்பு உங்களுக்கும் விழுந்தால், நான் தொலைத்த மூன்று வாரம் உங்களுக்காவது மிஞ்சட்டும்.

தொலைத்தது பெயர்களை மனப்பாடம் செய்யப் போய்த்தான். பழ ஈ மூளையின் ஒரு பக்கப் பார்வைப் பகுதியை மட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து தொகுத்த அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வகத்தார், ஏறத்தாழ 53,000 நியூரான்களை (நரம்பணுக்களை) 732 வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். எல்1, எம்ஐ1, டிஎம்3, டி4 என்று எல்லாம் பஸ் நம்பர் மாதிரி. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே போவேன். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் பாதி மறந்துவிடும்.

மார்கழியில் அத்தை வாசலில் இடுக்குப்புள்ளி வைப்பதைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பழ ஈயின் கூட்டுக்கண்ணும் அதே அடுக்குதான்: சுமார் 750 சிறுகண்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆறு. அவற்றுக்குப் பின்னால் மூளைக்குள் போகும் நியூரான்களும் பத்தி பத்தியாக, அதாவது தூண் தூணாக நிற்கின்றன. எல்1, எம்ஐ1 போன்றவை பத்திக்கு ஒன்று. ஒரு பத்தியை ஒழுங்காக வரைந்துவிட்டால் மிச்சமெல்லாம் அதன் நகல்தான். எல்லா வகையும் அப்படி இல்லை. சிடி1 என்று ஒன்று இருக்கிறது, மூளையின் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு செல். சிக்குக் கோலத்தின் ஒற்றை இழை மாதிரி எல்லாப் பத்திகளையும் தொட்டுக்கொண்டு போகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த செல் இதுதான்.

ஆகவே 732ஐ விடுங்கள். ஒரு கேள்வியை மட்டும் எடுங்கள்: வெளிச்சம் அதிகமானதை ஈ எப்படி அறிகிறது? ஒளி பட்டதும் ஒளியுணர் செல் தூண்டப்பட்டு, அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருளான ஹிஸ்டமினைச் சுரக்கிறது. ஹிஸ்டமின் எல்1ஐ அடக்கும். எல்1 தன் பங்குக்கு எம்ஐ1 மேல் சுரப்பது குளூட்டமேட் என்ற இன்னொரு வேதிப்பொருள். இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள், நானும் சறுக்கினேன். நம் மூளையில் குளூட்டமேட் பெரும்பாலும் தூண்டும். இந்த இடத்தில் அது அடக்கும். அப்படியானால் எல்1 அடங்கும்போது எம்ஐ1 மேலிருந்த பிடி தளர்கிறது, எம்ஐ1 எழுகிறது. மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ், அவ்வளவுதான். இதைக் கையால், அம்புக்குறி போட்டு, பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு வரையுங்கள். இணைப்பு வரைபடத்தைப் பார்த்தால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தெரியும். அந்தப் பேச்சு தூண்டலா அடக்கலா என்பது வேதிப்பொருளும் அதை வாங்கும் ஏற்பியும் தெரிந்தால்தான் தெரியும்.

எம்ஐ1க்கு அப்புறம் டி4. அசைவின் திசை அங்கேதான் பிறக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பத்திகளின் செய்தி முன்பின்னாக வந்து சேர்வதை வைத்துத் திசையைக் கணிக்கலாம் என்று 1956இலேயே ஹாசன்ஸ்டைனும் ரைகார்ட்டும் வண்டை வைத்துச் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். டி4இல் நான்கு உட்பிரிவு: முன்னிருந்து பின், பின்னிருந்து முன், மேலே, கீழே. இது வெளிச்சமாகும் விளிம்பு நகர்வதற்கு. இருட்டாகும் விளிம்பு நகர்ந்தால் அது டி5 என்ற வகையின் வேலை.

இந்த டி5இல்தான் மாட்டினேன். "டி5 எங்கேம்மா உள்ளீடு வாங்குது?" என்று சார் கேட்டார். மெடுல்லா, லோபுலா, லோபுலா தட்டு எல்லாம் ஈ மூளையின் பார்வைப் பகுதிக்குள் இருக்கும் பிரிவுகள். டி4 மெடுல்லாவின் பத்தாம் அடுக்கில் வாங்குகிறது. இதுவும் அங்கேதான் இருக்கும் என்று நினைத்து, "மெடுல்லா சார்" என்றேன். லோபுலாவின் முதல் அடுக்கு என்பதுதான் விடை. இரண்டும் போய்ச் சேரும் இடம் மட்டும் ஒன்று, லோபுலா தட்டு. என் ஸ்லைடிலேயே படம் சரியாக இருந்தது. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியது; நான் வரைந்ததல்ல.

இன்னொரு தவறு, கணக்கில். 2024இல் வெளிவந்த ஃபிளைவயர் முழு மூளை வரைபடத்தில் 1,39,255 நியூரான்கள். அது பெண் ஈ. ஜனேலியாவின் 53,000 ஆண் ஈயினுடையது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சதவீதம் கணக்கிட்டிருந்தேன். முந்தின இரவு தோழி பார்த்துச் சொன்னதால் தப்பித்தேன்.

வரலாறு ஒரு ஸ்லைடு போதும்: 1915இல் கஹாலும் சான்செஸும், 1989இல் ஃபிஷ்பாக்கும் டிட்ரிச்சும், எல்லாம் சில நியூரான்களை மட்டும் முழுசாகக் கறுப்பாக்கிக் காட்டும் கால்ஜி சாயத்தில் பார்த்து வரைந்தவை.

ஃபிளைவயர் வரைபடத்தைக் காட்டும் கோடெக்ஸ் இணையதளத்தை இலவசமாகவே பார்க்கலாம். ஒரு டி4ஐத் திறந்து அதற்கு உள்ளீடு தரும் செல்களைச் சினாப்ஸ் (செல்லுக்குச் செல் செய்தி கைமாறும் சந்திப்பு) எண்ணிக்கைப்படி பாருங்கள்; ஐந்துக்குக் குறைந்தவற்றை முதலில் கணக்கில் எடுக்காதீர்கள். முப்பரிமாணப் படம் செல்போனில் திணறும், கணினி வேண்டும். செமினார் அன்று நேரடியாகத் திறந்து காட்டலாம் என்று மட்டும் போகாதீர்கள். எனக்கு அந்த லோடிங் வட்டம் நான்கு நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு பத்தியை வரைந்தேன்.