அந்தக் கட்டம்

‘தந்தையின் கல்வித் தகுதி’ என்ற கட்டத்துக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிட்டது. மை ஊறி ஒரு புள்ளியானது.

பக்கத்தில் அப்பா. சுவரைப் பார்த்தபடியே, “கையெழுத்துப் போடத் தெரியும் என்று எழுதம்மா” என்றார்.

எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே தேர்வு. இதைத்தான் சம வாய்ப்பு என்கிறோம். (நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.)

ஏழைக் குடும்பத்தின் வாரிசுகள் சராசரி வருமானத்தைத் தொட டென்மார்க்கில் 2 தலைமுறை, கொலம்பியாவில் 11 தலைமுறை ஆகலாம் என்று 2018-இல் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு கணக்கிட்டது.

மீதி 9 தலைமுறைக்கும் பிள்ளைகளின் மூளையா காரணம்?

புள்ளியை விரலால் துடைத்தாள். இன்னும் பரவியது. அதன்மேலேயே, அப்பா சொன்னதை அப்படியே எழுதினாள்.